மறுமுனையைப் பிடிப்பவர்

பிப்ரவரி 9

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நான் நலம். முழங்கால் வலி பழைய அளவில்தான் இருக்கிறது, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கப்பலில் தலைசுற்றல் வந்ததா, சாப்பாடு வயிற்றில் தங்குகிறதா என்று எழுதுங்கள்.

கப்பலிலிருந்து வாரம் ஒருமுறை வரிசையில் நின்று தொலைபேசியில் பேசலாம் என்றீர்கள். வேண்டாம். பின்னால் பத்துப் பேர் கேட்டுக்கொண்டிருக்க நீங்கள் என் முழங்காலை விசாரிப்பது நன்றாக இராது. சரக்குப் படகு வரும்போது கடிதம் கொடுத்தனுப்புங்கள். கடிதம் என்றால் தொடக்கமும் முடிவும் உள்ள கடிதம். கான்வென்ட்டில் சிஸ்டர் இதற்கென்றே எங்களுக்கு ஒரு வகுப்பு வைத்திருந்தார். முதல் பத்தியில் நலம், கடைசிப் பத்தியில் அன்பு, நடுவில் உண்மை. இதுதான் அவர் விதி. என் மகள் இருந்தவரை அவளே எழுதுவாள். நீங்கள் அடியில் ‘நானும் நலம்’ என்று ஒரு வரி போட்டுத் தப்பித்துக்கொள்வீர்கள். அவள் போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. இனி முழுப் பக்கமும் உங்கள் பொறுப்பு.

நீங்கள் கிளம்பிய மறுநாளே வாசல் கதவு தன் வேலையைக் காட்டிவிட்டது. ஈரக்காற்று அடித்தால் பூட்டுக்குள் சாவி திரும்பாது. நீங்கள் இருந்தால் கதவைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துத் திருப்புவீர்கள். எனக்குத் தூக்க வலு இல்லை. கீழ்வீட்டுத் தையல்காரம்மா படியேறி வந்து காலால் ஓர் உதை விட்டார். திறந்தது. ஆனால் கதவின் மானம் போய்விட்டது.

அதோடு விட்டாரா? “பொண்ணு போனப்புறமும் லீவு விட்டா நேரா இங்கதான் வர்றாரு. வீட்டுச் சாவிகூட ஒண்ணு அவர்கிட்ட இருக்கு. பெரிய மனசும்மா அவருக்கு” என்றார். எனக்குப் பிடிக்கவில்லை. “இதுல பெரிய மனசு எங்க வந்துச்சு? மாப்பிள்ளைங்கிறது என்ன வாடகை வீடா, ஆள் போனதும் காலி பண்றதுக்கு?” என்று கேட்டேன். “சரிம்மா, சரி” என்றார். அந்தச் சரியில் பாதி சரி இல்லை.

கடலுக்கடியில் எரிகிற பனிக்கட்டி எடுக்கப் போவதாக அவரிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள். அவர் அதைத் தெரு முழுக்க விநியோகம் செய்துவிட்டார். பனிக்கட்டி எப்படி எரியும்? எனக்காவது சரியாக எழுதுங்கள்.

அன்புடன்,
அத்தை


மார்ச் 6

மதிப்பிற்குரிய அத்தைக்கு,

நலம். முதல் வாரம் எதுவும் வயிற்றில் தங்கவில்லை. இப்போது கப்பல் ஆடாமல் நின்றால்தான் தலை சுற்றுகிறது. மாடிப்படி ஏறி இறங்குவதைக் குறைத்துக்கொள்ளுங்கள். தபாலைத் தையல்காரம்மாவிடமே கொடுத்துவிட்டுப் போகும்படி தபால்காரரிடம் சொல்லுங்கள்.

பனிக்கட்டி என்று நான் சொன்னது அவசரத்தில் சொன்னது. பார்வைக்குத்தான் அப்படி இருக்கும். உள்ளே அடைபட்டிருப்பது மீத்தேன் என்ற வாயு. கடலாழத்தில் குளிர் அதிகம், மேலே நிற்கும் தண்ணீரின் பாரமும் அதிகம். இரண்டும் சேரும்போது தண்ணீர் இந்த வாயுவைக் கூண்டுபோலச் சுற்றிப் பிடித்துக்கொண்டு உறைந்துவிடுகிறது. ஒரு குவளைக் கட்டிக்குள் நூற்றறுபது குவளைக்கு மேல் வாயு இருக்கும். கடலடி மணலின் இடுக்குகளில் இப்படி எவ்வளவோ கிடக்கிறது. பாரம் குறைந்தால் பிடி விட்டுப்போகும். ஒரு துண்டை மேலே எடுத்து உள்ளங்கையில் வைத்தால் சடசடவென்று பொரியும். தீக்குச்சி காட்டினால் எரியும். கடைசியில் கொஞ்சம் தண்ணீரும் சேறும் மிஞ்சும். இதை எரிபொருளாக எடுக்க முடியுமா என்று சோதிக்கத்தான் இந்தக் கப்பல். கடலடியில் துளைக்கும் கிணற்றின் பம்பு என் பொறுப்பு.

பம்பு வேலை தொடங்க நாளாகும். அதுவரை மண் மாதிரி எடுக்கிறார்கள். கடலடி மண்ணை அதே அழுத்தத்தோடு ஒரு குழாய்க்குள் அடைத்து மேலே கொண்டுவருவார்கள். ஆள் உயரத்தைவிட நீளம். அதைத் தளத்திலிருந்து குளிர் அறைக்கு இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். சாய்ந்தால் உள்ளே அடுக்குகள் குலைந்துவிடும். இருவரும் ஒரே நடையாக நடக்க வேண்டும். முதல் நாள் நான் வேகமாக இழுக்க, பின்னாலிருந்து ஒரு குரல்: “என்ன சார், பஸ்ஸைப் புடிக்கப் போறீங்களா? மண்ணு கலங்கிடும், நில்லுங்க!” மண்ணைப் பரிசோதிப்பவர் அவர். அன்றிலிருந்து மறுமுனையை அவர்தான் பிடிக்கிறார். மண்ணைத் தொட்டுப் பார்த்தே எந்த ஆழத்து மண் என்று சொல்கிறார். எனக்கு இருபது வருட அனுபவம் என்று சொன்னேன். “இருபது வருஷமா இப்படித்தான் ஓடிட்டிருக்கீங்களா?” என்றார்.

எங்கள் தலைவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் இடி. அவர் காலை வணக்கம் சொன்னால் மேல்தளத்தில் தூங்குபவர் எழுந்து விடுவார்.

முழுப் பக்கமும் எழுதிவிட்டேன். அவள் இருந்தால் நம்பியிருக்க மாட்டாள்.

பணிவன்புடன்,
மாப்பிள்ளை


மார்ச் 28

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நான் நலம். உங்கள் தலைசுற்றல் நின்றது அறிந்து நிம்மதி. தபாலை நானே இறங்கிப்போய்த்தான் வாங்குகிறேன். தையல்காரம்மாவின் கையில் கொடுத்தால் உறையின் எடையைப் பார்த்தே உள்ளே என்ன என்று சொல்லிவிடுவார்.

உங்கள் விளக்கம் புரிந்தது. முதல் தடவையே இப்படிச் சொல்லியிருந்தால் தெருவில் ஒரு வதந்தி குறைந்திருக்கும். எனக்கு இரண்டு கேள்விகள். ஒன்று, மணலைப் பிடித்துக்கொண்டு கிடப்பதைக் கரைத்துவிட்டால் அந்த மணல் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? இரண்டு, இந்த வாயு எரியாமல் கசிந்து காற்றில் கலந்தால் கரிப்புகையைவிடக் கேடு என்று பத்திரிகையில் படித்தேன். சும்மா கிடப்பதைக் கிடக்க விட்டால் என்ன? “உங்க மாப்பிள்ளை கடலைக் கிளறி நம்ம தெருவுக்குத் தண்ணிய வரவச்சுருவாரோ?” என்கிறார் தையல்காரம்மா. அவருக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். எனக்கு நீங்கள் சொல்லுங்கள்.

மறுமுனையைப் பிடிப்பவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். நீங்கள் வேகமாகத்தான் நடப்பீர்கள். என் மகள் கடைத்தெருவில் உங்கள் முதுகைப் பார்த்தே பாதி வாழ்க்கையைக் கழித்தாள்.

அன்புடன்,
அத்தை


ஏப்ரல் 20

மதிப்பிற்குரிய அத்தைக்கு,

நலம். உங்கள் நலம் அறிய ஆவல். இங்கே வெயில் தளத்தில் காலை வைக்க விடுவதில்லை. குளிர் அறைக்குள் போனால் பல் அடித்துக்கொள்கிறது. ஒரே நாளில் இரண்டு பருவம்.

உங்கள் இரண்டு கேள்விகளையும் சாப்பாட்டு மேஜையில் படித்துக் காட்டினேன். இரண்டையும் மறுபடி படிக்கச் சொன்னார்கள். பிறகு இடி, “உங்க அத்தையை வேலைக்கு எடுத்திருக்கணும்” என்றார். கசிந்தால் கேடுதான், அத்தை. மறைக்க ஒன்றுமில்லை. அதற்காகக் கிணற்றைச் சுற்றிக் கடலடியில் கருவிகள் வைத்திருக்கிறோம். கசிவு தெரிந்தால் நிறுத்திவிட வேண்டும் என்பது உத்தரவு. கிடக்க விடலாமே என்பதற்கு இங்கே இரண்டு பதில்கள். நிலக்கரியை எரிப்பதைவிட இதை எரிப்பது மேல் என்கிறார்கள். எதையும் எரிக்காமல் இருப்பது அதைவிட மேல் என்று மறுமுனைக்காரர் சொல்வார்.

மணல் கேள்விதான் எங்கள் தலைவலி. கிணற்றுக்குள் இருக்கும் தண்ணீரைப் பம்பு வைத்து இறைத்தால் அடியில் பாரம் குறையும். கட்டி கரைந்து வாயு மேலே வரும். ஆனால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். ஒரேயடியாகத் திறந்தால் வாயுவோடு மணலும் வந்து, அதைத் தடுக்கக் கிணற்றுக்குள் வைத்திருக்கும் சல்லடையை அடைத்துவிடும். இந்த மண்ணில் பிடிப்பே கட்டியால்தான் இருக்கிறது, மெதுவாகப் போங்கள் என்று மறுமுனைக்காரர் படித்துப் படித்துச் சொல்கிறார்.

ஒன்று எழுத மறந்துவிட்டேன். மறுமுனைக்காரர் ஒரு பெண்மணி. தனியாக இருப்பவர். நான் இந்தக் கடிதத்துக்கு வரைவு எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டார்.

“யாருக்கு சார் இவ்வளவு அடிச்சு அடிச்சு எழுதறீங்க?”

“மாமியாருக்கு.”

“மாமியாருக்கா! பயமா?”

“மரியாதை.”

“ரெண்டுக்கும் ஒரே மாதிரிதான் வேர்க்கும்போல.”

பணிவன்புடன்,
மாப்பிள்ளை


மே 14

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம். முழங்காலுக்குப் புதுத் தைலம் ஒன்று தடவுகிறேன். வாசனை அண்டை அயலார் வரை போகிறது, வலி இருக்கிற இடத்திலேயே இருக்கிறது.

வரைவு எழுதுவது நல்ல பழக்கம். வெட்கப்பட வேண்டாம்.

எழுத மறந்துவிட்டேன் என்கிறீர்கள். அவர் எப்படி நடப்பார், எப்படித் திட்டுவார், எந்த மண்ணைத் தொட்டால் என்ன சொல்வார் என்பதெல்லாம் நினைவிருந்தது. பெண் என்பது மட்டும் மறந்துபோயிற்று. பரவாயில்லை. நல்ல வாய்த்துடுக்கு உள்ளவராகத் தெரிகிறார். எந்தப் பள்ளியில் படித்தாராம்?

ஜூன் பதினொன்று, அவள் நினைவு நாள், வருகிறது. சென்ற ஆண்டு அன்று நாம் இருவரும் அவள் அறையைத் திறந்து வைத்துக்கொண்டு, அவள் எழுதிய பழைய கடிதங்களை ஆளுக்கொன்றாகப் படித்தோம். நீங்கள் எழுத்துக்கூட்டிப் படித்ததால் மாலை வரை இழுத்தது. இந்த ஆண்டு நான் மட்டும் படிப்பேன். சீக்கிரம் முடிந்துவிடும். நீங்கள் அங்கே வேலையைப் பாருங்கள். வருந்த வேண்டாம்.

கதவு இப்போது வெயிலில் காய்ந்து நல்ல பிள்ளையாக இருக்கிறது.

அன்புடன்,
அத்தை


ஜூன் 18

மதிப்பிற்குரிய அத்தைக்கு,

நலம். நீங்களும் நலமென்று நம்புகிறேன்.

வாயு வந்துவிட்டது. பம்பை மெல்ல மெல்லக் கூட்டிக்கொண்டே போனோம். இந்த மாதம் பதினொன்றாம் தேதி பிற்பகல், கப்பலின் பின்புறத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் குழாயின் நுனியில் தீ பிடித்தது. முதலில் நீலமாகச் சிறிதாக, பிறகு ஆரஞ்சு நிறத்தில் கொடிபோல. கடலுக்கடியில் எத்தனை காலம் கிடந்ததோ, எங்கள் கண்ணெதிரே எரிந்தது. சமையல்காரர்கூடக் கரண்டியோடு ஓடிவந்தார். இடி முதல் தடவையாகக் கிசுகிசுத்தார்: “வந்துடுச்சுய்யா.”

படம் எடுப்பவர்கள் வந்தார்கள். தீ இன்னும் பெரிதாக இருந்தால் நல்லது என்றார்கள். பம்பைக் கூட்டச் சொன்னார் இடி. கூட்டினேன். தீ பெரிதாயிற்று. நான்காம் நாள் மணல் வந்துவிட்டது. சல்லடை அடைத்து, பம்பு நின்று, தீ அணைந்தது. நீங்கள் கேட்ட முதல் கேள்விக்குப் பதில் அதுதான்.

படகு கிளம்புகிறது. மற்றவை பிறகு.

பணிவன்புடன்,
மாப்பிள்ளை


ஜூலை 25

மதிப்பிற்குரிய அத்தைக்கு,

நலம். உங்களிடமிருந்து இரண்டு படகுகளாகக் கடிதம் இல்லை. முழங்கால் மோசமா? தைலத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். தையல்காரம்மாவையாவது ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

சல்லடையை மாற்றிப் பார்த்தோம். இறக்கிய புதுச் சல்லடையும் அடைத்துவிட்டது. இடி என்னைக் கூப்பிட்டு, “என் தப்புதான்யா. ஆனா நீயும் வேண்டாம்னு சொல்லல” என்றார். உண்மை. சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லாமல் இருப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது என்று தோன்றுகிறது.

கடல் அமைதியாக இருக்கிறது. மீன்கள் கப்பலைச் சுற்றி வருகின்றன. சமையல்காரர் தூண்டில் போடுகிறார், ஒன்றும் மாட்டவில்லை. சில விஷயங்களைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன். நிதானமாக எழுதுகிறேன். நீங்கள் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள் என்று ஒரு நம்பிக்கை. அடுத்த கடிதத்தில் இன்னும் கொஞ்சம் விவரமாக.

பணிவன்புடன்,
மாப்பிள்ளை


ஆகஸ்ட் 12

மாப்பிள்ளைக்கு,

நான் நலம். எழுதாததற்குக் காரணம் முழங்கால் அல்ல.

ஜூன் பதினெட்டாம் தேதிக் கடிதத்தில் தீப் பிடித்த நாளை எழுதியிருக்கிறீர்கள். அது எந்த நாள் என்று அந்தக் கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை. உங்கள் கையாலேயே தேதியை எழுதிவிட்டு அதைத் தாண்டிப் போயிருக்கிறீர்கள்.

இன்னொன்று. மார்ச் மாதம் மறுமுனைக்காரர், ஏப்ரல் மாதம் மறுமுனைக்காரர். ஜூனிலும் ஜூலையிலும் அவரைக் காணோம். சமையல்காரர் இருக்கிறார், மீன்கூட இருக்கிறது. ஒருவரைப் பற்றி மூச்சுவிடாமல் எழுதிக்கொண்டிருந்தவர் திடீரென்று வாயை மூடிக்கொண்டால், ஒன்று அவர்களுக்குள் சண்டை. அல்லது சண்டையே இல்லை.

‘இன்னும் கொஞ்சம் விவரமாக’ என்கிறீர்கள். உங்கள் கிணற்றைப்போல என்னையும் மெல்ல மெல்லத் திறக்கப் பார்க்கிறீர்கள். நான் கிணறு இல்லை. என் கணவர் இறந்த செய்தியை எனக்கு ஒரே வாக்கியத்தில் சொன்னார்கள். என் மகளுடையதை நீங்களே ஒரே வாக்கியத்தில் சொன்னீர்கள். இரண்டையும் நின்றுகொண்டுதான் கேட்டேன்.

நடுவில் உண்மை என்று சிஸ்டர் சொன்னதை மறக்க வேண்டாம்.

அத்தை


செப்டம்பர் 3

மதிப்பிற்குரிய அத்தைக்கு,

உடல் நலம். உங்களை இப்படி அழைக்க இனி எனக்கு உரிமை உண்டா என்று தெரியவில்லை, அதனால் இப்போதே ஒருமுறை அழைத்துக்கொள்கிறேன்.

ஒரே வாக்கியம்: நானும் அவரும் திருமணம் செய்துகொள்ளத் தீர்மானித்திருக்கிறோம்.

இனி நடந்தது. தீப் பிடித்தபோது அவர் பக்கத்தில் நின்றார். “பாத்தீங்களா, மெதுவாப் போனா வரும்னு சொன்னேன்ல” என்றார். நான் சிரித்தேன். வாய்விட்டுச் சிரித்தேன், அத்தை. அவள் போனபிறகு அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை. கொஞ்ச நேரம் கழித்து, தீ எரிந்த நேரத்தைப் பதிவு செய்யப் பேனாவை எடுத்துத் தேதி போட்டேன். அப்போதுதான் தெரிந்தது. அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். உங்களிடம் அதை எழுத முடியவில்லை. எழுதினால் ஏன் சிரித்தேன் என்பதையும் எழுத வேண்டும். அதனால் அவரையும் எழுதாமல் விட்டேன்.

அவருக்கு அவளைப் பற்றி எல்லாம் தெரியும். உங்களைப் பற்றியும் தெரியும். கேட்டால் உங்கள் கடிதங்களைப் படித்துக் காட்டுவேன். “இவங்க என்னை ஒரு கேள்வி கேட்டாக்கூட நான் செத்தேன்” என்பார்.

வேறொருவருக்குக் கணவனாகப் போகிறவன் உங்கள் வீட்டுச் சாவியை வைத்திருப்பது முறையில்லை. நீங்களாகக் கேட்க மாட்டீர்கள் என்று தெரியும். கேட்கவைக்கக் கூடாது என்று நானே இத்துடன் அனுப்பிவிட்டேன்.

நீங்கள் என்ன சொன்னாலும் ஏற்றுக்கொள்கிறேன்.

என்றும் நன்றியுடன்,
உங்கள் மகளின் கணவன்


செப்டம்பர் 20

சாவி வந்து சேர்ந்தது.


அக்டோபர் 8

மதிப்பிற்குரிய அத்தைக்கு,

நலமா என்று கேட்கிறேன். தொடக்கமும் முடிவும் இல்லாத கடிதம் உங்களிடமிருந்து வந்தது இதுதான் முதல் தடவை. உறைக்குள் வேறு தாள் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று உதறிப் பார்த்தேன்.

கிணற்றை மூடிவிட்டோம். சிமெண்டு இட்டு அடைத்து, கசிவு இல்லை என்று உறுதி செய்துகொண்டு கரைக்கு வந்துவிட்டோம். அடுத்த ஆண்டு வேறு வகைச் சல்லடையோடு மறுபடி போவார்களாம். வேகத்தைத் தீர்மானிப்பது இனி மண் பரிசோதிப்பவர்தான் என்று இடி எழுதிக் கொடுத்திருக்கிறார்.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் கம்பெனி விடுதியில் இருக்கிறேன். ஜன்னலைத் திறந்தால் ஒரு சுவர். விடுமுறை தொடங்கி ஒரு வாரமாகிறது. விடுமுறைக்கு வேறு எங்கேயும் போய்ப் பழக்கமில்லை. பேருந்து நிலையம் வரை போய்விட்டுத் திரும்பினேன். நீங்கள் சொல்லாமல் வரமாட்டேன்.

பணிவன்புடன்,
(எப்படிக் கையெழுத்திடுவது என்று தெரியவில்லை)


அக்டோபர் 30

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நான் நலம். முழங்கால் சென்ற வாரம் ஒரு பிற்பகல் முழுக்க மடங்கியே இருந்ததால் கொஞ்சம் கோபமாக இருக்கிறது. காரணத்தைச் சொல்கிறேன்.

நீங்கள் அனுப்பிய சாவியை என் சாவி தொங்கும் ஆணியிலேயே மாட்டி வைத்தேன். எனக்குக் கோபம்தான், ஆனால் திருமணத்தின்மேல் இல்லை. நாற்பத்தெட்டு வயது மனிதர் மிச்ச வாழ்நாளைக் கிழவி ஒருத்தியின் முழங்காலை விசாரித்தே கழிக்க வேண்டும் என்று நான் எங்கே சொன்னேன்? சாவியைப் பார்த்துத்தான் கோபம். உங்களிடமிருந்து திருப்பி வாங்க வேண்டும் என்று எனக்கே தோன்றாததை, எனக்காக நீங்கள் தீர்மானித்து, உறையில் போட்டு ஒட்டி அனுப்பிவிட்டீர்கள்.

உங்கள் அக்டோபர் கடிதம் வந்த அன்று தபால்காரர் கூப்பிட, இறங்கிப் போனேன். மேலே காற்றில் கதவு தானே சாத்திப் பூட்டிக்கொண்டது. இரண்டு சாவியும் உள்ளே ஒரே ஆணியில் ஜோடியாகத் தொங்குகின்றன. நான் வெளியே. தையல்காரம்மா வந்து உதைத்தார். தள்ளினார். கதவு இந்தத் தடவை மானத்தோடு நின்றது. பூட்டுக்காரரைக் கூட்டிவர அவர் கணவர் போனார். நான் தையல்கடையில், சாய்மானம் இல்லாத முக்காலியில் உட்கார்ந்து உங்கள் கடிதத்தைப் படித்தேன்.

“என்னம்மா, ரெண்டு சாவியுமா உள்ள வச்சீங்க?” என்றார்.

“ஆமா.”

“அப்ப ஒண்ணு மாப்பிள்ளைகிட்ட இல்லியா?”

“திருப்பி அனுப்பிட்டார். வேற கல்யாணம் பண்ணிக்கப் போறார்.”

மிஷின் நின்றது. “அப்ப இனிமே அவரு…” என்று இழுத்தார்.

“மாப்பிள்ளை” என்றேன்.

“நான் ஒண்ணும் சொல்லலியே!”

“நீங்க சொல்றதுக்கு முன்னாடி நான் சொல்லிட்டேன்.”

இந்தச் சாவி உங்களிடமே இருந்திருந்தாலும் அன்று நீங்கள் துறைமுகத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பீர்கள், எனக்குக் கதவு திறந்திருக்காது. அது தெரியாமல் எழுதவில்லை. ஆனால் அந்த முக்காலியில் உட்கார்ந்திருந்தபோது ஒன்று விளங்கிற்று. ஒரு வீட்டின் சாவிகள் எல்லாம் அந்த வீட்டுக்குள்ளேயே இருக்கக் கூடாது. வெளியே யாரோ ஒருவரிடம் ஒன்று இருக்க வேண்டும்.

பூட்டுக்காரர் இளைஞர். ஒரு கம்பியை விட்டுத் திறந்துவிட்டார். இவ்வளவு லேசான பூட்டையா நம்பி இத்தனை வருடம் தூங்கினேன் என்று இருந்தது. “வேற சாவி போடணுமா பாட்டி?” என்றார். “போடணும். பாட்டின்னு கூப்பிடாம போடு” என்றேன்.

ஜூன் பதினொன்றைப் பற்றி ஒரு வார்த்தை. நான் தனியாகப் படித்ததில் ஒரு கடிதம், உங்களுக்குத் திருமணமான புதிதில் அவள் எழுதியது. நீங்கள் அவளுக்கு முன்னால் வேகமாக நடந்து போய், வேறு யாரோ ஒரு பெண்மணியிடம் திரும்பி, ‘கைப்பையைக் கொடு, நான் தூக்கிட்டு வர்றேன்’ என்று சொல்லி அடி வாங்க இருந்தீர்களாம். படித்துவிட்டு நான் சத்தமாகச் சிரித்தேன். “மேல என்னம்மா சத்தம்?” என்று தையல்காரம்மா கேட்கும் அளவுக்கு. நீங்கள் அங்கே சிரித்த அதே நாள். யாரும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

அவரை அழைத்துக்கொண்டு வாருங்கள். என்னைப் பார்த்துப் பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். கொஞ்சம் பயப்படட்டும் என்றும் சொல்லுங்கள். எந்தப் பள்ளியில் படித்தார் என்ற கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. வரும் தேதியை எழுதும்போது தாளின் அடியில் ஒரு வரி இடம் விட்டு, பேனாவை அவர் கையில் கொடுங்கள்.

இத்துடன் இரண்டு சாவிகள் வைத்திருக்கிறேன். தேய்ந்தது உங்களுடையது. பளபளப்பாக இருப்பது அவருக்கு. மழை தொடங்கிவிட்டதால் கதவு மறுபடி சண்டித்தனம் செய்கிறது. புதுச்சாவி வேறு, முதலில் திரும்ப மறுக்கும். தனியாக முயல வேண்டாம். நீங்கள் கதவைத் தூக்கிப் பிடியுங்கள், அவர் மெதுவாகத் திருப்பட்டும்.

அன்புடன்,
அத்தை